லாபம், ரெண்டு, மூணு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் உதவும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று டாக்டர் கேட்டார். வேலையை விட்டு நின்று வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. அது உண்மைதான். முட்டி இரண்டும் போய்விட்டனவே தவிர, வாயும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுதுகிறேன்.

விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தடவை பால், நாய்க்குட்டியை எப்படித் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் கிளினிக்கின் பின்னறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவளே நான்தான். அதை இங்கே திரும்ப எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். அந்தத் தாளில் உள்ளதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்த ஒரு நாளில்தான் ஒரு குட்டியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஸ்டெல்லா. செய்யூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நெல்லும் கடலையும் அறுத்துக் கூலி வாங்கியவர்கள். கிளினிக்கில் தரை துடைக்கத்தான் நான் சேர்ந்தேன். ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். பிடித்தேன், அது என்னைக் கடிக்கவில்லை. அன்றிலிருந்து துடைப்பத்தை வேறு ஆள் எடுத்துக்கொண்டார். பிறகு கடற்கரைச் சாலையில் பெரிய ஜாதி நாய் வளர்ப்பவர்கள் அதிகமானார்கள். அவர்கள் வீட்டு நாய் குட்டி போட்டால், முதல் பத்து நாள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள எங்களை அனுப்ப ஆரம்பித்தார் டாக்டர். நீங்கள் இப்போது சேர்ந்திருப்பதும் அந்த வேலைக்குத்தான்.

பெரிய ஜாதி என்றால் குட்டியும் பெரிதாக இருக்கும், சுலபமாகப் பிழைத்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நேர்மாறு. தாய் அறுபது கிலோ இருக்கும், குட்டி அரை கிலோ இருக்கும். தாய் களைப்பில் தொப்பென்று படுத்தால் அடியில் ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஒரே ஈற்றில் பத்து, பன்னிரண்டு என்று போடும், காம்பு போதாது, வலுத்தது குடித்துவிடும், இளைத்தது ஓரத்தில் கிடக்கும். பக்கத்தில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வேலையில் முக்கால்வாசி அந்த உட்கார்ந்திருப்பதுதான். மீதிக் கால்வாசியில்தான் நாம் தப்புச் செய்கிறோம்.

என் முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டில் மாஸ்டிஃப் நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு குட்டி ஓரத்தில் தனியாகக் கிடந்து கத்திக்கொண்டே இருந்தது. மூன்று பிள்ளை பெற்றவள் நான், அழுகிறது என்றால் பசி என்றுதான் எனக்குத் தோன்றும். பாட்டிலில் பால் கொடுத்தேன். குடித்தது, எனக்கும் சந்தோஷம். மத்தியானத்துக்குள் வயிறு உப்பிச் செத்துப்போனது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. பால் கொடுப்பதற்கு முன்னால் உடம்பைத் தொட்டுப் பார்த்தாயா, சூடாக இருந்ததா என்று மட்டும் கேட்டார். நான் தொட்டது பாட்டிலைத்தான். சில்லிட்ட குட்டிக்கு வயிறு வேலை செய்யாது, உள்ளே போன பால் அப்படியே நின்று ஆளைக் கொன்றுவிடும். முதலில் சூடு, பிறகு பால். இது இப்போது சுவரில் சிவப்பு மையில் இருக்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் அந்தக் குட்டி.

இனி சிட்டுவின் கதை.

சிட்டு ஒரு கிரேட் டேன். கைக்குள் அடங்கும் வயதில் வைத்த பெயர் அது. நான் பார்த்தபோது கன்றுக்குட்டி உயரம் இருந்தது. வளர்த்தது பிரியா என்ற பெண், நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முதலில் படூரில் ஒரு அடுக்குமாடியில் இருந்திருக்கிறாள். லிஃப்டில் சிட்டு ஏறினால் வேறு ஒருவரும் ஏற முடியவில்லை என்று சங்கத்தில் சண்டை வந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு தனி வீட்டை வாடகைக்குப் பிடித்து வந்துவிட்டாள். நாய்க்காக வீடு மாறிய ஆள் என்றால் எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அவளும் சிட்டுவும் மட்டும்தான்.

சிட்டுவுக்கு அது முதல் ஈற்று. எக்ஸ்ரேயில் பன்னிரண்டுக்குக் குறையாது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் சரியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிரியா என்னைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் பிழைத்துவிடுமா என்று கேட்பாள். இவ்வளவு பெரிய ஈற்றில் ஒன்றிரண்டு போவது சகஜம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவள் முகம் மாறிப்போனது.

“எனக்கு ஒண்ணுகூட போகக் கூடாது ஆன்ட்டி. நீங்க முன்னாடியே கணக்கு எழுதிடாதீங்க” என்றாள்.

அது என் மனதில் தைத்துவிட்டது. நாம் நிறையப் பார்த்தவர்கள் என்பதால் நமக்கு அப்படி ஒரு சமாதானம் எப்போதும் கையில் இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு அது கிடையாது.

பிரசவத்தைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. இன்று உங்களுக்கெல்லாம் மேஸ்திரி போல நிற்கிறாரே, அதே ஏழுமலைதான். அப்போது அவன் சேர்ந்து மூன்று மாதம். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். உள்கிராமத்தில் சொந்தமாக நிலம் வைத்திருந்த குடும்பம், தண்ணீர் இல்லாமல் வண்டிக்கு வந்தவர்கள். கைக்குழந்தை ஒன்று. தனியாக ஒரு பிரசவம் பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை. இது நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலை ஆறரை மணிக்கு நான் பஸ்ஸைவிட்டு இறங்கிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஏழுமலை கை கழுவிக்கொண்டிருந்தான், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. எத்தனை என்று கேட்டேன்.

“பதிமூணுக்கா. கடசி குட்டி நாலு மணிக்கு வந்துச்சி. எல்லாம் நல்லா கீது” என்றான்.

சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையிலும் 13 என்று பெரிதாக எழுதியிருந்தான். மரப்பலகையில் செய்த பெரிய தொட்டியில், விளக்குக்குக் கீழே குட்டிகள் குவியலாகக் கிடந்தன. எல்லாம் ஒரே மண் நிறம், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. நான் குவியலைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், சரி என்று தலையை ஆட்டினேன். ஏழுமலை வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அந்தத் தலையாட்டலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இரண்டு தடவை பால் குடிக்க வைத்தேன். ஒரே சமயத்தில் எல்லாவற்றுக்கும் காம்பு கிடையாது என்பதால், கையில் வந்த ஏழு குட்டிகளை முதலில் வைத்து, அவை குடித்ததும் மீதியை வைப்பேன். பதிமூன்றில் ஏழு போனால் ஆறு. மீதி ஆறுதான் என்று எனக்குள் முடிவாகியிருந்ததால் மீதியை நான் எண்ணவே இல்லை. எண்ணியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

பதினொரு மணிக்குத் தொட்டியைச் சுத்தம் செய்யலாம் என்று முடிவு செய்தோம். துணியெல்லாம் நனைந்து ஊறிக் கிடந்தது. தாய் பக்கத்தில் இருந்தால் குட்டிகளைத் தூக்க விடாது, அதனால் பிரியா சிட்டுவைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். நான் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வெந்நீர்ப் பைகளைப் பரப்பி, மேலே துண்டு போட்டு, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. லாபம், ரெண்டு, மூணு, நாலு.

உங்களில் டவுனில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு. நல்ல வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று ஒரு பழக்கம். களம் என்னைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியும், அரிசி அளந்தாலும் மாத்திரை எண்ணினாலும் என் வாயில் லாபம்தான் முதலில் வரும்.

பதிமூணு என்று வாய் சொன்னதும் கை நின்றுவிட்டது. பலகையில் இருந்த எண் வந்துவிட்டது, வேலை முடிந்தது. தொட்டியில் கிடந்த இரண்டு போர்வையையும் பஞ்சு வைத்த பழைய ரஜாயையும் அப்படியே சுருட்டிக் கதவோரம் வைத்தேன். தோட்டத்திலிருந்து வந்த பிரியா அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நான் தொட்டியைத் துடைத்து, புதுத் துணி விரித்து, குட்டிகளை எடை போட்டேன். எடை போட்டதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டினேன். பதிமூன்று எடை, பதிமூன்று நூல். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்படி எல்லாம் சரியாக நடந்தது.

சிட்டு உள்ளே வந்தது. ஒவ்வொரு குட்டியாக மோந்து பார்த்தது. படுக்கவில்லை. கதவு வரைக்கும் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் மோந்தது. பிடித்துப் படுக்க வைத்தேன். ஒரு நிமிஷம் படுத்துவிட்டு வெடுக்கென்று எழுந்தது. அந்தக் கால் ஒரு குட்டியின்மேல் பட்டிருந்தால் அதோடு போச்சு. நான் குட்டிகளைத் திரும்பக் கூடையில் வாரிப் போட்டேன். நாய்க்கு இரைப்பு, வாயில் எச்சில், தொடை லேசாக நடுங்கியது. பிரியாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் ஒரு ஆபரேஷன் நடுவில் இருந்தார், போனை யாரோ அவர் காதில் வைத்துப் பிடித்திருந்தார்கள். இரைக்கிறதா என்றார், ஆமாம் என்றேன். நடுங்குகிறதா, ஆமாம். குட்டிகளிடம் படுக்க மறுக்கிறதா, ஆமாம். இத்தனை குட்டிக்குப் பால் சுரந்து சுண்ணாம்புச் சத்து இறங்கியிருக்கலாம், விட்டால் வலிப்பு வந்துவிடும், உடனே கொண்டு வா என்றார். அவர் கேட்டது எல்லாம் சரியான கேள்வி, நான் சொன்னது எல்லாம் உண்மையான பதில். இரண்டும் சேர்ந்து தப்பான இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிரியா கார் ஓட்ட வேண்டும். நான் பின்சீட்டில் நாயைப் பிடிக்க வேண்டும். குட்டிகளிடம் யார் இருப்பது? ஏழுமலைக்கு நாலைந்து தடவை அடித்தேன், எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க விழித்தவன் தூங்கத்தானே செய்வான். குட்டிகளையும் கூடையோடு காரில் ஏற்றிவிடலாம் என்று நான் முடிவெடுத்தேன். பிறந்து அரை நாள்கூட ஆகாத குட்டிகளை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவது நல்லதில்லை என்று தெரியும். ஆனால் தாய் போய்விட்டால் மொத்தமும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி முன்வாசல் பக்கம் இழுத்தேன். சிட்டு நாலடி வந்தது. கூடத்தின் நடுவில் சட்டென்று திரும்பி, சமையலறை வழியாகப் பின்கட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. அது அறுபது கிலோ, நான் ஐம்பத்தெட்டு. சமையலறைப் படியில் என் முட்டி மோதிய சத்தம் பிரியாவுக்கே கேட்டதாம். இன்றைக்கு நான் மாடிப்படி ஏற முடியாமல் இருப்பதில் பாதிப் பங்கு சிட்டுவுக்கு உண்டு.

பின்கட்டில் வாஷிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் மீதி அழுக்குத் துணி கிடந்தது. சிட்டு அந்தக் குவியலில் மூக்கை நுழைத்து, பல்லால் துணியை இழுத்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. பிரசவத் துணி, ரத்த வாடைக்கு இழுக்கிறது என்றுதான் நினைத்தேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அது என்னைத் திரும்பிப் பார்த்து உறுமியது. அதற்கு முன்னால் அந்த நாய் யாரையும் பார்த்து உறுமியதில்லை.

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

பயத்தில் விட்டேனா, யோசித்து விட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் நான் செய்த நல்ல காரியம் என்ன என்று கேட்டால் அந்தக் கயிற்றை விட்டதைத்தான் சொல்வேன். சிட்டு ரஜாயைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மடிப்பை இழுத்தது. உள்ளே இன்னொரு குட்டி இருந்தது.

எடுத்தேன். சில்லென்று இருந்தது. தலை தொங்கியது. வாய்க்குள் விரலை வைத்தேன், நாக்கும் சில்லென்று இருந்தது. மூச்சு மட்டும் எங்கேயோ ஆழத்தில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஈரத் துணிக்குள் சிமெண்டுத் தரையில் கிடந்திருக்கிறது.

பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஆன்ட்டி, பாதித் துணிய நான் மிஷின்ல போட்டுட்டேன்” என்றாள்.

பதிமூன்று என்ற எண் பொய்யாகிவிட்ட பிறகு எந்த எண்ணை நம்புவது? இன்னொன்று இருக்காது என்று யார் சொல்ல முடியும்? மிஷினை நிறுத்தச் சொன்னேன். கதவு உடனே திறக்கவில்லை, தண்ணீர் வடிந்த பிறகுதான் திறக்கும் வகை அது. அந்த நேரம் முழுவதும் நான் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். திறந்ததும் பிரியா ஒவ்வொரு துணியாக எடுத்து, உதறி, தடவிப் பார்த்துத் தரையில் போட்டாள். கடைசித் துணி வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அதற்குள் நான் குட்டியைத் துடைத்து, ஜாக்கெட்டுக்குள்ளே தோலோடு தோலாக வைத்து, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டு, சிட்டுவையும் இழுத்துப் போய்த் தொட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரியா ஓடிப்போய்ப் பாலைக் கலக்கிப் பாட்டிலோடு வந்தாள்.

“பசியில மயங்கிக் கெடக்கு, குடுங்க ஆன்ட்டி.”

“இப்ப குடுத்தா செத்துரும்மா. மொதல்ல சூடு ஏறட்டும்.”

“எவ்ளோ நேரம்?”

“தெரியாது. ஒரு மணி நேரம் ஆவலாம்.”

அவள் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நீங்கதான எண்ணி எடுத்து வச்சீங்க?” என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரத்தில் அவள் மனதை ஆற்றுவதற்காகவாவது இரண்டு சொட்டுப் பால் விட்டுவிடலாம் என்று கை துடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தப்புச் செய்தவளுக்கு எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று இருக்கும். கேளம்பாக்கத்துக் குட்டியை நினைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். ஹேர் டிரையர் கொண்டு வரட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். வேகமாகச் சூடு ஏற்றினாலும் ஆபத்துதான். என் உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவு போதும்.

சிட்டு வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவ்வளவு நேரம் இருந்த இரைப்பு நின்றுவிட்டிருந்தது. நடுக்கமும் இல்லை. கிளம்ப வேண்டாம் என்று முடிவு செய்து டாக்டருக்குப் போனில் சொன்னோம்.

அந்த நேரம் பார்த்து ஏழுமலை போன் வந்தது. பிரியா ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் தரையில் வைத்தாள்.

“இன்னாக்கா, இத்தினி வாட்டி அடிச்சிகீற?”

குட்டி எத்தனை என்று கேட்டேன். பதிமூணு என்றான். எப்படி எண்ணினாய், பிறந்த வரிசையில் எண்ணிக் காட்டு என்றேன். தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் புரியாமல் எண்ண ஆரம்பித்தான்.

“லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு...”

“நிறுத்து” என்றேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. லாபம் சொன்னால் அடுத்தது ரெண்டுதானேடா என்றேன்.

“எங்க வூட்ல அப்டி இல்லக்கா. மொத மரக்காலு சாமிக்கு. லாபம்னு சொல்லி தனியா எட்து வெச்சிருவாங்க. அப்பறம்தான் ஒண்ணு, ரெண்டு.”

நிலம் வைத்திருந்த வீடு, சாமிக்கு என்று ஒரு மரக்கால் தனியாக எடுத்து வைக்க முடிந்திருக்கிறது. எங்களுக்கு அளந்து போட்ட கூலி நெல்லில் லாபமும் கணக்குக்கு உள்ளேதான், தனியாக ஒன்று விழுந்ததே இல்லை. ஒரே தாலுக்காவில் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்த இரண்டு களத்து எண்ணிக்கை, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு குட்டியின்மேல் வந்து விடிந்திருக்கிறது. அவன் முதலில் பிறந்ததை லாபம் என்று வைத்து, அதற்குப் பிறகு பதிமூன்று எண்ணியிருக்கிறான். நான் லாபத்தையே ஒன்றாக வைத்துப் பதிமூன்றில் நிறுத்தியிருக்கிறேன். அவன் கணக்கில் லாபம் தனியாக நின்றது, என் கணக்கில் ஒரு குட்டி தனியாகக் கிடந்தது.

விஷயத்தைச் சொன்னேன். குட்டி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, இன்னும் சொல்ல முடியாது என்றேன். வந்துகொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது, பிரியாதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நெஞ்சில் நகம் கீறுவது போல் ஒரு சின்ன அசைவு. கொஞ்ச நேரம் கழித்து மூக்கால் முட்டியது. அப்புறம் வாயைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தேன், வயிறு வெதுவெதுப்பாக இருந்தது, வாய்க்குள்ளேயும் சூடு வந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவினேன், சப்பியது. சிட்டு தானாகவே தொட்டிக்குள் போய், மெதுவாகக் காலை மடக்கிப் படுத்தது. குட்டியைப் பின்காம்பில் வைத்தேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பிரியா கையிலிருந்த பாட்டிலை அப்போதுதான் கீழே வைத்தாள். மற்ற குட்டிகளை எடுத்து வைக்கும்போது இருவரும் சேர்ந்து சத்தமாக எண்ணினோம், ஒன்றிலிருந்து. கூடை காலியாகும்வரை எண்ணினோம், காலியான பிறகு கூடையைக் கவிழ்த்தும் பார்த்தோம்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். சிட்டுவைச் சோதித்துவிட்டு, அதற்கு ஒரு வியாதியும் இல்லை என்றார். எண்ணிக்கை எப்படித் தப்பியது என்று கேட்டார். ஏழுமலை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான். வழியில் வரும்போதே வேலை போய்விட்டது என்று பெண்டாட்டிக்குப் போனில் சொல்லிவிட்டானாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி முழுக்க அவன் தலையில் இறங்கிவிடும். பலகையில் இருந்தது அவன் எழுத்துதான். அப்படிச் சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது, நான் ஒன்றும் மாதாவின் சொரூபம் இல்லை.

“அவன் எழுதினதுல ஒண்ணு கொறஞ்சது நெசம் சார். ஆனா ராத்திரி முழுக்கப் பதினாலையும் உயிரோட வச்சிருந்து என் கைல குடுத்தான். பதிமூணு வந்ததும் துணிய உதறாம சுருட்டினது நான்” என்றேன்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகைக்குப் போய், எழுதியிருந்ததைத் துடைத்துவிட்டு, ஏழுமலை கையில் பேனாவைக் கொடுத்தார். அவன் குட்டி ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணிவிட்டு 14 என்று எழுதினான். அடுத்த மாதம் அவனை நிரந்தரமாக்கினார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், மூன்று விஷயம் சொல்வேன். பொறுப்பு மாற்றும்போது எண்ணைக் காதால் வாங்காதீர்கள், ஒவ்வொரு குட்டியாகக் கையால் தொட்டு வாங்குங்கள். நினைத்த எண் வந்துவிட்டது என்று கையை நிறுத்தாதீர்கள், தொட்டி காலியான பிறகு நிறுத்துங்கள். கடைசியாக ஒன்று, இதுதான் கஷ்டம். தாய் ஒரு பக்கம் இழுக்கிறது, உங்கள் படிப்பு இன்னொரு பக்கம் இழுக்கிறது என்றால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கயிற்றை விட்டுப் பாருங்கள். அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் ஓடலாம். அது படிக்கவில்லைதான், ஆனால் அதன் குட்டி எத்தனை என்று அந்த வீட்டில் அதற்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அந்த ஈற்றில் பதினான்கும் பிழைத்தன. எப்போதும் அப்படி நடக்காது, அதை நம்பி வேலைக்குப் போகாதீர்கள். பதிமூன்று குட்டிகள் வெவ்வேறு வீடுகளுக்குப் போயின. துணியில் கிடந்த குட்டியைப் பிரியா யாருக்கும் கொடுக்கவில்லை. பெயர் என்ன வைத்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் வேலையை விட்டு நின்ற அன்று காலையில், என் பீரோவில் இருந்த சாமான்களை ஏழுமலையிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு வெந்நீர்ப் பையாகத் தொட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணி வாங்கிக்கொண்டான். ஒன்பதில் முடிந்தது. முடிந்த பிறகும் பீரோவுக்குள் கையை விட்டு மூலையெல்லாம் தடவிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

“இன்னாடா, லாபத்த உட்டுட்ட?” என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. “அது வெளிய நிக்குதுக்கா. பிரியா மேடம் இட்டாந்துகிறாங்க. உன்னத்தான் தேடிகினு கீது” என்றான்.

வெளியே போனேன். என் இடுப்புக்கு மேலே உயரம், என்னைவிட எடை. என்னைப் பார்த்ததும் தலையைக் கொண்டுவந்து நெஞ்சில் முட்டியது, அன்றைக்கு முட்டிய அதே இடத்தில். அதன் நெற்றியில் கையை வைத்து, “ஒண்ணு” என்றேன்.